கூடுதல் போலீஸ் கேட்போம், ஆனால் எப்படிப்பட்ட போலீஸ்?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் இரண்டு வாரமாக ஒரு மனுவைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மூன்று இடத்திலும் என்னிடம் படித்தவர்கள் குடியிருக்கிறீர்கள். "எங்கள் பகுதிகளுக்குக் கூடுதலாகப் போலீஸ் போட வேண்டும், அதற்கு அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்" என்பது மனு. வழக்கம்போல எழுதித் தரும் வேலை டீச்சருக்கு. எழுதித் தருகிறேன். ஆனால் என்ன கேட்கிறோம் என்பதை எல்லோரும் ஒருமுறை சேர்ந்து யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

வெளியூர், வெளிநாட்டு உறவுகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் மற்ற இடங்களிலும் குடிசைகளில் இருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகரில் தொடங்கியது. பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நிறையக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போயின. அங்கே மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்களில். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஜனங்களுக்கு அது இன்றைக்கும் "ஹவுசிங் போர்டு"தான்.

என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் குடிசையிலிருந்து கைகோர்த்து வந்த பிள்ளைகள் வேறு வேறு பிளாக்கில் போய் விழுந்தார்கள். வீடு குலுக்கலில் கிடைத்தது. அக்கம்பக்கம் குலுக்கலில் கிடைக்குமா? பழைய இடத்தில் ஒரு பையன் சந்துமுனையில் நின்று பீடி பிடித்தால், மாலைக்குள் அவன் அம்மாவுக்குச் சேதி போய்விடும். ஒரு பெண் இரவு வேலை முடிந்து வந்தால் இட்லிக் கடை ஆயா எட்டிப் பார்த்துக்கொள்வாள். சம்பளம் வாங்காத காவல் அது. இடம் மாற்றியபோது அந்தக் காவல் கலைந்துபோனது. அதற்கு ஈடாகத்தான் இன்று போலீஸ் கேட்கிறோம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் மூன்று பேர் சொன்னதை எல்லோரும் கவனித்தீர்களா தெரியவில்லை.

ஒருத்தி ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை பார்க்கிறாள். "ராத்திரி 11 மணிக்கு பஸ் விட்டு இறங்கி பிளாக் வரைக்கும் நடக்கிற பத்து நிமிஷம் உயிர் கையில இல்ல டீச்சர். லைட் எரியல, குடிச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க. போலீஸ் வேணும்" என்றாள்.

இன்னொருத்திக்குப் பத்தொன்பது வயதில் மகன். எந்தப் பகுதி என்று இங்கே சொல்லவில்லை. "வண்டி நிறைய போலீஸ் வந்தா முதல்ல என் பையனைத்தான் நிறுத்திப் போட்டோ எடுப்பாங்க. அட்ரஸைப் பார்த்தாலே சந்தேகம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

மூன்றாமவன் வேறு மாவட்டத்தில் ஏட்டு. அவன் சொன்னது: "டீச்சர், நீங்க நாற்பது பேர் கேட்டு வாங்கினாலும் ஒரு மாநாடு, ஒரு திருவிழான்னா பாதிப் பேரை பந்தோபஸ்துக்கு எடுத்துடுவாங்க. மூணு வருஷத்துல டிரான்ஸ்ஃபர். யாருக்கும் யாரையும் தெரியாது."

மூவர் சொல்வதும் உண்மை. மூன்றும் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் இருக்கும். நான் ஓய்வு பெற்றவள், நேரம் இருக்கிறது. மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று படித்தேன். படித்த பிறகு மூன்றும் ஒரே மனுவில் அடங்கும் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் நியூவார்க் என்ற நகரத்தில் 1970-களின் கடைசியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சில பகுதிகளில் காவலர்கள் வண்டியை விட்டு இறங்கி நடந்தே ரோந்து போனார்கள். குற்றங்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் ஜனங்களின் பயம் குறைந்தது, போலீஸ் மேல் நல்ல எண்ணம் வந்தது. 2009 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் இன்னும் கறாராகச் செய்தார்கள். வன்முறை அதிகமாக நடக்கும் 120 இடங்களைப் பிரித்து, குலுக்கல் முறையில் 60 இடங்களில் மட்டும் நடை ரோந்து விட்டார்கள். அந்த இடங்களில் வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. காவலர்களை எடுத்த பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை. கோடைக்கு ஒருமுறை பெய்யும் மழை மாதிரி, தரை நனைந்ததோடு சரி. ஆக, நடந்து வருகிற போலீஸுக்குப் பலன் உண்டு. நிலையாக இருந்தால்தான் அந்தப் பலனும் நிலைக்கும்.

அடுத்த வீட்டுக்கு வருவோம். கேரளத்தில் 2008 மார்ச்சில் 20 காவல் நிலையங்களில் 'ஜனமைத்ரி' என்ற திட்டம் தொடங்கினார்கள். மக்கள் நட்புக் காவல் என்று பொருள் கொள்ளலாம். ஏறக்குறைய 500 வீடுகளுக்கு ஒரு பீட் காவலர். அவர் வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரையாவது நேரில் தெரிந்திருக்க வேண்டும். நம் மொழியில் சொன்னால் வருகைப் பதிவேடு தெரிந்த வாத்தியார் மாதிரி. நாற்பது பிள்ளைகளின் பெயர் தெரிந்த ஆசிரியர் பிரம்பு எடுக்க வேண்டிய அவசியம் குறைவு. பெயர் தெரியாதவர்தான் "ஏய், நீ, எழுந்திரு" என்று அதட்டுவார். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே பிள்ளைகளின் பெயரைப் பதினைந்து நாளில் மனப்பாடம் செய்யுங்கள் என்பதுதான்.

இப்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 500 வீட்டுக்கு ஒருவர் என்றால் 20,000 வீட்டுக்கு எத்தனை பேர்? நாற்பது பேர். வழக்குப் பதிவு, நீதிமன்றம், பந்தோபஸ்து இவற்றுக்கு இருப்பவர்கள் தனி. வீடு தெரிந்து நடப்பதற்கு மட்டும் நாற்பது பேர், அதில் பாதிப் பேராவது பெண் காவலர்கள். "கூடுதல் போலீஸ் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் ஒரு ரோந்து வண்டியும் நாலு கேமராவும் கொடுத்துவிட்டு மனு முடித்து வைக்கப்பட்டது என்று பதில் வரும். எண்ணோடு எழுதினால் பதிலும் எண்ணோடுதான் வர வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1993-இல் ராமநாதபுரத்தில் காவல்துறை அதிகாரி பிரதீப் வி. பிலிப் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த கொடுமைக்குப் பிறகு அரசு அதைத் தடை செய்தது. அதிலிருந்து நமக்கு ஒரு பாடம்: பொதுமக்களில் நாலு பேர் கையில் லத்தி கொடுப்பது சமுதாயக் காவல் ஆகாது. பொறுப்பு சீருடை அணிந்தவரிடம், பெயர்ப் பட்டையோடு இருக்க வேண்டும். தவறு செய்தால் யார் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

சரி, பணம்?

என் தங்கை மகன் ஃப்ளோரிடாவில் இருக்கிறான். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மாநிலத்தில் 1969 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. நலிந்துபோன ஒரு பகுதியை மறுவளர்ச்சிப் பகுதி என்று அறிவிக்கிறார்கள். அந்த ஆண்டில் அங்கே சொத்து வரி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை போட்டு, கடை வந்து, மனை மதிப்பு ஏறி, பின்னால் அது 150 ரூபாய் ஆகிறது. கூடின 50 ரூபாயில் பெரும்பகுதி பொதுக் கஜானாவுக்குப் போகாது. அந்தப் பகுதிக்கென்றே உள்ள தனி நிதியில் சேரும். பள்ளிக்கூட வரியில் மட்டும் கை வைக்கக் கூடாது (எனக்குப் பிடித்த விதி!). அந்த நிதியைச் சமுதாயக் காவலுக்கும் செலவிடலாம் என்று சட்டமே சொல்கிறது: நடை ரோந்து, கடைத்தெருவில் சின்னக் காவல் நிலையம், தெருவாசிகளின் கண்காணிப்பு என்று பட்டியல் போட்டு. ஆனால் மறுவளர்ச்சித் திட்டத்துக்குத் தொடர்பில்லாத வழக்கமான நிர்வாகச் செலவுக்கு அந்தப் பணத்தை எடுக்கக் கூடாது. கூடுதல் என்றால் நிஜமாகவே கூடுதல்.

அங்கேயும் குறை உண்டு. மனை மதிப்பு ஏறினால்தான் நிதி சேரும் என்பதால், வீடில்லாதவர்களையும் ஏழைகளையும் கண்ணில் படாமல் துரத்தும் வேலைக்கே அந்தப் போலீஸைப் பயன்படுத்துவார்களோ என்ற பயம் அங்கிருப்பவர்களுக்கு இருக்கிறது. நம் பத்தொன்பது வயதுப் பையனின் அம்மா பயப்படுவதும் அதே பயம்தான்.

அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் அரசியல் சாசனப்படி காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. மாநகராட்சி வரியில் போலீஸ் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓர் இடத்தின் மதிப்பு ஏறினால் அதில் ஒரு பங்கு அதற்காகச் சிரமப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும். நம் ஊரில் நடந்தது என்ன? மதிப்பு ஏறியது நீங்கள் விட்டுவிட்டு வந்த நகரத்தின் நடுவில். அந்த ஏற்றம் உங்களோடு பெரும்பாக்கத்துக்கு லாரி ஏறி வரவில்லை. பாத்திரம் பண்டம் மட்டும்தான் வந்தது.

அதனால் நான் எழுத நினைப்பது இது. வீடு கட்டும் திட்ட மதிப்பீட்டில் சிமென்ட், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டிக்கெல்லாம் வரி வரியாகக் கணக்கு இருக்கிறது. ஜனங்கள் ஒருவரையொருவர் அறிந்து நிலைபெற ஆகும் முதல் பத்து ஆண்டுகளுக்கும் அதில் ஒரு வரி வேண்டும். அதில் பீட் காவலர், தெருவிளக்குப் பராமரிப்பு, மாலை வகுப்பு, விளையாட்டு மைதானம் எல்லாம் சேர வேண்டும். தனி நிதி நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், நிர்பயா நிதியிலிருந்து சென்னை உட்பட எட்டு நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரம் திட்டம் வந்ததே, சென்னைக்கு மட்டும் 425 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனதே என்று காட்டலாம்.

மனுவில் ஐந்து கோரிக்கைகள் வைக்கிறேன்.

1. 500 வீட்டுக்கு ஒரு பீட் காவலர், நடந்து வர வேண்டும். பாதிப் பேர் பெண்கள்.
2. அவரைக் குறைந்தது மூன்று ஆண்டு மாற்றக் கூடாது, பந்தோபஸ்துக்கு எடுக்கக் கூடாது.
3. எத்தனை பேரைப் பிடித்தார் என்று அவருக்கு மதிப்பெண் போடக் கூடாது. எத்தனை வீடு தெரியும், எத்தனை தகராறு ஸ்டேஷனுக்கு வராமலே தீர்ந்தது என்று பார்க்க வேண்டும். காரணம் சொல்லாமல் பையன்களை நிறுத்திப் போட்டோ எடுக்கக் கூடாது.
4. மாதம் ஒருமுறை குடியிருப்போர் கூட்டம். அதில் வரவு செலவை வாசிக்க வேண்டும்.
5. பஸ் நிறுத்தத்திலிருந்து பிளாக் வரை விளக்கு. இது போலீஸுக்கு முன்னால் வர வேண்டும்.

ஐந்தாவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 11 மணிக்கு இறங்குகிற பெண்ணுக்கு முதல் காவல் எரிகிற விளக்குதான்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். விளக்குக்கும் மைதானத்துக்கும் தாராளமாக வாங்கலாம். காவலர் சம்பளத்துக்கு வேண்டாம். யார் சம்பளம் தருகிறார்களோ அவர்கள் கேட்டைத்தான் முதலில் காவல் காப்பார்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்ற என் பெண்ணுக்கு: மூன்றாவது கோரிக்கையை உன்னை நினைத்துத்தான் எழுதியிருக்கிறேன். படித்துப் பார். இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் போன் செய். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் போடாதே. டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, நல்ல வேலையில், ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாள். அன்றைக்கு எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அதே கண்ணகி நகர் முகவரியோடு நாளை ஒரு விண்ணப்பம் உங்கள் மேஜைக்கு வரும். அதைத் தள்ளி வைக்காமல் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். போலீஸுக்கு நிதி அரசுதான் தர வேண்டும். இதற்கு நிதி வேண்டாம்.

மனுவின் நகலைக் குழுவில் போடுகிறேன். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்