முதற் பலகை வாங்குவதற்கு முன்



மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவர் கடலில் பலகை ஏறிப் பழகுகிறார் என்ற செய்தி கற்பிட்டியில் பரவியிருந்த நேரம். ஜும்ஆ முடிந்து வெளியே வந்த எம்மை மஹல்லாப் பெரியவர் ஒருவர் நிறுத்தி, "ஹஸ்ரத், இந்த வயசுல இது தேவைதானா?" என்று கேட்டார். அன்று சிரித்துச் சமாளித்துவிட்டோம். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் எம்மிடம் கடனாகவே இருக்கிறது. இத்தகைய கருவிகளைத் தம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோருக்கு எமது பிழையை எடுத்துரைப்பதும் ஓர் அமானிதம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

எமது தீபகற்பத்தின் ஒரு புறம் கடல். மறுபுறம் புத்தளக் களப்பு. மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று இங்கே ஓயாமல் வீசும். அக்காற்றை நம்பியே வெளிநாட்டவர் கைட் விளையாட்டுக்காக வருகின்றனர். எமது சகோதரியின் மகன் அவ்வாறான ஒரு பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் கடலில் வருவதைக் கண்டோம். பாய் இல்லை, கைட் இல்லை, இயந்திரமும் இல்லை. கையில் ஒரு துடுப்பு மட்டும். அவர் நின்ற பலகையோ நீரைத் தொடாமல், முழங்கால் உயரத்தில் மிதந்து வந்தது. துடுப்பை வலிக்காமலேயே அலைக்கு அலை தாவி வந்து கரை சேர்ந்தார்.

டவுன்விண்ட் ஃபொயிலிங் என்று இதனை அழைக்கின்றனர். காற்றோடு ஓடுதல் என்று நாம் சொல்லலாம். பலகையின் அடியில் ஒரு தூண். தூணின் அடிநுனியில் விமானத்தின் இறக்கை போன்று முன்சிறகும் பின்சிறகும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கூடியது. ஆகவே சிறியதொரு சிறகே, குறைந்த வேகத்திலும், ஒரு மனிதரை உயர்த்திவிடும். பலகை நீரை விட்டு எழுந்ததும் உராய்வு பெருமளவு குறைகிறது. அதன் பின்னர், காற்று எழுப்பும் சிற்றலைகளின் தள்ளுவிசையே போதுமானது. ஹவாயின் மாவீ தீவைச் சேர்ந்த கை லெனி என்ற வீரர் 2016ஆம் ஆண்டளவில் இவ்வாறு ஓடிக் காட்டிய காட்சிகளே உலகின் கவனத்தை இதன்பால் ஈர்த்தன. அத்தீவின் மாலிக்கோ கடற்பாதை இன்றும் இக்கலையின் தாயகம் போலவே பேசப்படுகிறது.

கண்டதும் எமக்கும் ஆசை பிறந்தது. பிழையும் அங்கேயே தொடங்கியது.

ஊர் திரும்பவிருந்த பயணி ஒருவர் தமது தொகுதியை விற்கப்போவதாக அறிந்தோம். புதிதாக வாங்கினால் ஒரு முழுத் தொகுதி பத்து இலட்சம் ரூபாயை எளிதில் தாண்டும். அவர் கேட்டது அதில் ஒரு பங்கே. பலகை 6 அடி 6 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 85 லிட்டர் கொள்ளளவு. முன்சிறகு 800 சதுர சென்ரிமீற்றர். மருமகன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது நல்லாப் பழகினவங்களுக்கு. உங்களுக்கு இப்ப வேணாம்" என்றார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நாம் பதில் சொன்னோம். வீட்டுக் கூரையை மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.

மூன்று வாரங்கள் முயன்றும் அதன் மீது நிமிர்ந்து நிற்க இயலவில்லை. காரணம் சிறுபிள்ளைக் கணக்கு. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோ எடையை மிதக்க வைக்கும். எமது எடை 80 கிலோ. பலகையும் ஃபொயிலும் சேர்ந்து இன்னும் 10 கிலோவுக்கு மேல். 85 லிட்டர்ப் பலகை எம்மைச் சுமந்து மிதக்க வழியே இல்லை. வாங்குமுன் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. களப்பில் நிற்க முடியாதவர் கடலுக்குச் செல்லலாகாது. காற்று தள்ளினால் எழுந்துவிடலாம் என்ற பேராசையில் ஒரு மாலை மருமகனுடன் வெளியே சென்றோம். அவர் முன்னே ஓடிவிட்டார். நாம் விழுந்தோம். பலகையோடு பிணைக்கும் கயிறு அந்தப் பழைய தொகுதியோடு வந்தது. அதன் வெல்க்ரோ பட்டி தேய்ந்திருந்தது. ஓர் அலை இழுத்ததும் அது கழன்றது. கவிழ்ந்த பலகையைக் காற்று இழுத்துச் சென்றது. அதை நீந்திப் பிடிக்கலாம் என்று எண்ணிய சில நிமிடங்களில் எமது பலம் முழுவதும் தீர்ந்துபோனது. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தோம். அதில் ஒரு விசில் இருந்தது. கரையைப் பார்த்தவாறு மிதந்துகொண்டு ஊதினோம். கலிமாவும் நாவில் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பின், வலை போடச் சென்ற படகொன்று எம்மைத் தூக்கிக்கொண்டது. கரையில் கால் வைத்தபோது மஃரிப் பாங்கு கேட்டது. எரிபொருளுக்கான பணத்தைக்கூட அந்த மீனவர் வாங்கிக்கொள்ளவில்லை. "ஹஸ்ரத், கயிற்றப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் மாணவருக்கு விளக்கும் நாம், கயிற்றைச் சோதிக்காமல் கடலில் இறங்கியிருந்தோம். அந்த வெட்கம் எம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை.

மறுநாள் வடக்கே ஒரு மணற்திட்டில் ஒதுங்கிக் கிடந்த பலகையை எடுத்து, உரிய தேர்ச்சியுள்ள ஒருவருக்கு நட்டத்தில் விற்றோம். பின்னர் மருமகனின் சொற்படி மீண்டும் தொடங்கினோம். மத்ரஸாவுக்கு வரும் பிள்ளைக்கு முதல் நாளே முஸ்ஹபைக் கொடுத்து ஓதச் சொல்வதில்லை. காயிதாவில் எழுத்தைக் கற்பிக்கிறோம். கடலுக்கும் ஒரு காயிதா உண்டு.

பலகையில் தொடங்குவோம். பழகுபவர் தமது எடையின் கிலோ எண்ணிக்கையுடன் 30 முதல் 40 வரை கூட்டி, அத்தனை லிட்டர் கொள்ளளவு கொண்ட பலகையைத் தேட வேண்டும். எமக்குப் பொருந்தியது 7 அடி 10 அங்குல நீளமும் 21 அங்குல அகலமும் கொண்ட 118 லிட்டர்ப் பலகை. நீண்டு ஒடுங்கிய பலகை நீரைக் கிழித்து விரைவில் வேகம் பெறும். குட்டையாக அகன்றது நிற்பதற்கு எளிது. துடுப்பால் மட்டும் எழுவதற்கோ கடினம்.

அடுத்து முன்சிறகு. எமது எடைக்கு 1200 முதல் 1400 சதுர சென்ரிமீற்றர் வரை தொடக்கத்துக்கு ஏற்றது. 60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு 1000 போதும். பெரிய சிறகு குறைந்த வேகத்திலேயே தூக்கிவிடும். மிகப் பெரிதானால், வேகம் கூடும்போது அடக்க முடியாமல் மேலே இழுக்கும். தூண் 75 முதல் 85 சென்ரிமீற்றர் வரை, வளையாத காபன் தூணாக இருப்பது நன்று. எழும்போது பலகையின் மூக்கு அடங்காமல் உயர்ந்தால், தூணைச் சற்றுப் பின்னே நகர்த்திப் பூட்ட வேண்டும். துடுப்பு ஏறக்குறைய நமது உயரத்துக்கு இருந்தால் போதும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியதாக வாங்கினால் வீட்டில் இருவர் பழகலாம்.

கயிறு, அங்கி, தலைக்கவசம் ஆகிய மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய பலகை பணத்தை மிச்சப்படுத்தும். பழைய கயிறு உயிரைக் கேட்கும். சிறகின் ஓரம் கூர்மையானது என்பதால் தலைக்கவசம் இன்றிப் பழகலாகாது. நீர்புகா உறையில் கைபேசியும் ஒரு விசிலும் உடம்பிலேயே இருக்கட்டும். நீள்கை நீச்சல் உடையும் முழங்காலுக்குக் கீழ் வரும் காற்சட்டையும் வெயிலையும் தடுக்கும், ஔரத்தையும் பேணும்.

இனிப் பழகும் ஒழுங்கு. ஃபொயிலின் மேல் சமநிலை கொள்வதை முதலில் படகின் பின்னே கயிறு பிடித்துக் கற்றோம். பிறகு அமைதியான நீரில் துடுப்பு வலித்தோம். களப்பில் ஓர் எச்சரிக்கை: பல இடங்களில் ஆழம் குறைவு. சிறகு தரையில் தட்டினால் ஆள் முன்னே தூக்கி எறியப்படுவார். நெஞ்சளவுக்கு மேல் நீர் உள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள். அதன் பின்னரே, 15 முதல் 20 நொட் காற்றில், கரை நோக்கிச் சாய்ந்து வீசும் நாளில், துணையோடு கடலுக்குச் சென்றோம். எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுவோம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பவற்றை வீட்டில் சொல்லிவிட்டே புறப்படுகிறோம்.

எழுவதற்குப் பொறுமை வேண்டும். பின்னே வரும் அலை பலகையின் வாலை உயர்த்தும் வரை காத்திருந்து, ஐந்தாறு முறை விரைந்து வலித்து, கால்களால் ஓர் உந்து உந்தி, எழுந்ததும் முன்காலை அழுத்த வேண்டும். பார்வை முன்னுள்ள பள்ளத்தில் இருக்க வேண்டும். நான்காம் மாதத்தில்தான் எமக்கு முதன்முறை வாய்த்தது. எட்டு விநாடிகள் இருக்கும். அலையின் இரைச்சல் திடீரென நின்று, காலடியில் எதுவுமே இல்லாதது போன்ற ஓர் அமைதி. வாய் தன்னையறியாமல் ஸுப்ஹானல்லாஹ் என்றது. அடுத்த கணம் நீருக்குள் இருந்தோம்.

பெரியவரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம். தேவைதானா என்றால், இது கட்டாயமானதன்று. ஆனால் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்து, அதனைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்திருந்த எமக்கு இது நலமாகவே அமைந்தது. உடல் இளைத்தது, ஃபஜ்ருக்கு எழுவது இலேசானது, தொடங்குபவனின் தடுமாற்றம் எத்தகையது என்பதை நாற்பது வயதுக்குப் பின் மீண்டும் அறிந்தோம். எழுத்துத் தடுமாறும் சிறுவனிடம் இப்போது எமது குரல் உயர்வதில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பலகை கேட்டால், அவன் நாளை எப்படி ஓடுவான் என்று பார்த்து வாங்காதீர்கள். இன்று எங்கே நிற்கிறான் என்பதைப் பார்த்து, முதலில் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். அவனது எடையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கயிற்றை உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கடலிலும் கரையிலும் காத்தருள்வானாக.

எமது வீட்டுக் கூரை இன்னும் மாற்றப்படவில்லை. இவ்வாண்டு மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.