முடித்த பிறகு

'வெண்பா' என்ற வீடியோ கேமை அக்கா மகன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் முடித்துவிட்டான். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. "முடிஞ்சுருச்சுங்க மாமா. இனி இதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு வேறொன்றைத் தேடப் போய்விட்டான். அந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் விட்டுப் போனான்.

டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. அடுத்த ஆண்டே முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை: வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். வெண்பா ஊரிலிருந்து கொண்டுபோன தன் அம்மாவின் சமையல் நோட்டு கிழிந்தும் மை கரைந்தும் கிடக்கிறது. அழிந்துபோன இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று யூகித்து நாம் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போய்ச் சேரும் என்பதுதான் அங்கே புதிர். காங்கேயத்துப் பிள்ளைக்கு இது புதிரே இல்லை. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிமேல் உட்கார்ந்தால் இட்லி நசுங்கும் என்று அடுப்படியில் நின்று பார்த்தே தெரிந்திருக்கும். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அதையே யோசித்து யோசித்துக் கண்டுபிடித்திருப்பான் என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது. இரண்டாம் முறை கை தானாக அடுக்கிவிடும். மகன் தமிழை விட்டு விலகிப் போவதும், வளர்ந்தபின் அந்த நோட்டைத் தேடி வருவதும் முன்பே தெரிந்துவிடும். இந்த மாதிரி விளையாட்டுகளை மறுபடி ஆட ஒன்றுமில்லை என்று குறை சொல்வார்கள். முடிவு தெரிந்துவிட்டது என்பதைக் காரணமாகவும் சொல்வார்கள். அந்தக் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. கொங்கு நாட்டில் பிறந்தவன் எப்படி அதை ஒப்புவான்?

சின்ன வயதில் தேங்காய்க் களத்தில் உடுக்கைப் பாட்டு நடக்கும். பகலெல்லாம் பருப்பு காய்ந்த களம். இரவிலும் அந்த எண்ணெய் வாசம் போகாது. சாக்கை விரித்து, அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் மடியில் படுத்துக்கொள்வேன். பாடுகிறவர் ஒரு வரியை இழுத்து நிறுத்துவார், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், உடுக்கை ஒரு சுற்று உருண்டு நிற்கும். அண்ணன்மார் கதை. அண்ணன் தம்பிகளான பொன்னரும் சங்கரும் கடைசியில் மாண்டுபோவார்கள் என்று அந்தக் களத்தில் தெரியாத ஆளே கிடையாது. அம்மிச்சி எனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருப்பார்: "இப்பப் பாரு சாமி, கொம்பன் வரும்." சொன்னபடியே கொம்பன் பன்றி வரும். அடுத்து யார் விழுவார், தங்கை அருக்காணி எந்த இடத்தில் அழுவாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அருக்காணி அண்ணன்மாரைத் தேடிக்கொண்டு புறப்படும் இடம் வந்ததும் முந்தானை கண்ணுக்குப் போய்விடும். எந்த வருஷமும் தப்பியதில்லை. அண்ணன்மார் மாண்டு விழும் படுகளக் காட்சியில் அருள் வந்து விழுந்தவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்பும்போது, நிஜமாகவே எழுவார்களா என்று பயந்த முகத்தோடு பார்ப்பார். அத்தனை தடவை பார்த்தவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து இந்தக் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். ஊரார் முன்னால் பாடிய அதே பாடகர், அதே கதையைத் தனியாக உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒருவர் எழுதியும் கொண்டார். இரண்டும் ஒன்றாக இல்லை. சொல்லி எழுதியது சுருங்கிவிட்டது. கதை அதேதான், பாடகரும் அவரேதான். எதிரே கூட்டம் இல்லை, அவ்வளவுதான். கேட்கிற கூட்டம் இருந்தால்தான் பன்றி வேட்டை நீளும், அழுகை நீளும், உடுக்கைக்கு இடம் கிடைக்கும். பெக் பின்னாளில் டொராண்டோவிலிருந்து இதே கதையை 26 பகுதி அசைபடத் தொடராகவும் கொண்டுவந்தார். 'வெண்பா' பிறந்த அதே நகரம் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அக்கா மகனுக்கு இப்போது என் பதில் இதுதான். 'வெண்பா'வைத் தனியாக மறுபடி ஆடாதே, அதில் உனக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆடு. இட்லித் தட்டு வரும்போது அவள் சும்மா இருக்கமாட்டாள். புட்டுக் குழாய் வரும்போது கட்டாயம் தப்புக் கண்டுபிடிப்பாள். நோட்டில் மை கரைந்த இடத்தைப் பார்த்ததும் எங்கள் அம்மாவின் அரிசிம்பருப்பு சாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். ஒன்றரை மணி நேரத்து விளையாட்டு ராத்திரி பதினொன்று வரைக்கும் போகும்.

இன்னொரு ஆசையும் உண்டு. விளையாட்டு செய்கிற நம் பிள்ளைகள் யாராவது அண்ணன்மார் கதையைக் கையில் எடுக்க வேண்டும். எடுப்பவர்கள் முடிவை மாற்றவே கூடாது. சங்கர் பிழைத்துக்கொள்ளும் வழி ஒன்றை ஒளித்து வைத்து, அதைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசு கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்படி செய்தால் போதும்: ஒருவர் பாட, இன்னொருவர் "ஆமா" போட.