நடுவில் போன எட்டு வருடம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம் டிவியில் டென்னிஸ் பார்ப்பது. கணக்கு வாத்தியார் என்பதால் ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்களின் எண்களைத்தான் அதிகம் கவனிப்பேன். எந்த வயதில் வந்தார், எப்போது ஜெயித்தார், நடுவில் எத்தனை வருடம் போனது என்று. அப்படிப் பார்த்ததில் மனதில் நின்றுவிட்ட ஒருவர் மார்டன் ஃபூச்சோவிச்.

ஹங்கேரிக்காரர். நாட்டின் வடகிழக்கில் உள்ள நீரெஜ்ஹாசா என்ற ஊரில் 1992ல் பிறந்தவர். 2010ல், 18 வயதில், விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் பெஞ்சமின் மிட்செல்லை 6-4, 6-4 என்று தோற்கடித்தார். உலக ஜூனியர் தரவரிசையிலும் முதலிடத்தைப் பிடித்தார். அந்தக் கோப்பை நமக்கும் அந்நியமில்லை. 1954ல் நம் ராமநாதன் கிருஷ்ணனும், 1979ல் அவர் மகன் ரமேஷும் வாங்கிய அதே பட்டம்.

சரி, அடுத்து? பெரியவர்களுக்கான ஏடிபி போட்டி ஒன்றில் அவர் முதல் பட்டம் வாங்கியது 2018 மே மாதம், ஜெனீவாவில். அப்போது வயது 26. நடுவில் எட்டு வருடம் போய்விட்டது.

அந்த எட்டு வருடத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஜூனியரில் சேர்த்த புள்ளிகள் பெரியவர்கள் பட்டியலில் செல்லாது. பத்தாம் வகுப்பில் 500க்கு 495 வாங்கியவனும் பதினொன்றாம் வகுப்பில் சைபரிலிருந்துதானே தொடங்குகிறான், அதுபோல. அப்போது அடிமட்டத்தில் ஃப்யூச்சர்ஸ் போட்டிகள், அதற்கு மேல் சேலஞ்சர், அதையும் தாண்டினால்தான் நாம் டிவியில் பார்க்கும் போட்டிகள். அந்தக் காலத்தில் சின்ன ஃப்யூச்சர்ஸ் போட்டி ஒன்றின் மொத்தப் பரிசுத்தொகையே 10,000 டாலர்தான். ஒற்றையர் ஆடும் 32 பேரும் இரட்டையர் ஆடுபவர்களும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கோப்பை வாங்குகிறவருக்கே ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான் கிடைக்கும். பயணம், அறை வாடகை, மட்டைக்கு நரம்பு கட்டுவது, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். பார்க்கக் கூட்டமும் வராது.

விம்பிள்டனில் சிறுவர் கோப்பையைத் தூக்கிய பையன் அங்கிருந்து ஏறி, உலகின் முதல் நூறு பேருக்குள் முதன்முறையாக வந்தது 2017ல்தான். அதன்பிறகு வேகம் பிடித்தது. அதே செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் புடாபெஸ்டில் ஹங்கேரி ரஷ்யாவைத் தோற்கடித்தபோது அணிக்குத் தூண் அவர்தான். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் நான்காவது சுற்று வரை போய் ஃபெடரரிடம் தோற்றார். மே மாதம் ஜெனீவா. 1982ல் பாலாஷ் டாரோட்சி வென்றதற்குப் பிறகு, 36 வருடம் கழித்து, ஏடிபி ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஹங்கேரிக்காரர் ஆனார்.

சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். பள்ளி வாசலில் அவள் படம் போட்டு பேனர் வைத்தார்கள். இப்போது மூன்று வருடமாக குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறாள். "கல்யாண வீட்டுக்குப் போகவே பிடிக்கல சார். 'அவ்வளவு நல்லா படிச்ச பொண்ணு, இன்னும் ஒண்ணும் ஆகலையா'ன்னு எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது.

அவளிடம் இந்த எட்டு வருடக் கதையைச் சொன்னேன். "அவரும் தோத்துக்கிட்டேதான் இருந்தாரா சார்?" என்று கேட்டாள்.

"கணக்குப் போட்டுப் பாரும்மா. 32 பேர் ஆடுற போட்டியில 31 பேர் தோத்துட்டுத்தான் ஊருக்குப் போறாங்க. மறுவாரம் இன்னொரு ஊர்ல அதே ஆளுங்க திரும்ப ஆடுறாங்க" என்றேன். சிரித்தாள்.

எல்லோருக்கும் ஒரு ஜெனீவா வராது. அதை அவளிடம் மறைக்கவில்லை. அவரோடு ஜூனியரில் ஆடிய பலர் பாதியிலேயே மட்டையை வைத்துவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டார்கள். அதிலும் குறைவு எதுவும் இல்லை. எத்தனை முறை எழுதுவது, எப்போது நிறுத்துவது என்று அவளே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்து ஊரார் முடிவு செய்ய வேண்டாம்.

ஃபூச்சோவிச் 2021ல் விம்பிள்டன் காலிறுதிக்கு வந்து ஜோகோவிச்சிடம் தோற்றார். சிறுவர் பட்டம் வாங்கி 11 வருடம் ஆகியிருந்தது. நம் ரமேஷுக்கும் அதே பட்டத்திலிருந்து விம்பிள்டன் காலிறுதிக்கு வர, 1979லிருந்து 1986 வரை, ஏழு வருடம் பிடித்தது.

தேர்வு முடிவு வரும் நாளில் முதல் மார்க் பிள்ளைகளுக்கு ஸ்வீட் கொடுக்கிறோம், பேனர் கட்டுகிறோம். நல்லதுதான். அதற்குப் பிறகு வரும் வருடங்களிலும் அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகள்தான். எங்காவது பார்த்தால் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "இப்ப என்னம்மா படிக்கிற, எது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும்.