மலைமுகட்டில் ஒரு மரக்கலச் சிந்தனை

போடிநாயக்கனூரை விட்டு மேற்கே ஏறும் மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. தமிழகமும் கேரளமும் கைகோக்கும் இவ்விடத்தில் ஏலக்காய் மணமும் பனிமூட்டமும் வழிப்போக்கரை வரவேற்கின்றன. இம்மலைக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என வாசக அன்பர்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு.

கீழ்ச்சரிவில் விழும் மழைநீர் கொட்டகுடி ஆற்றோடு வைகையில் கலந்து கிழக்குக் கடலை நோக்கிச் செல்கிறது. மேற்குச் சரிவில் விழுவதோ, பன்னியாற்றின் வழியாகப் பெரியாற்றை அடைந்து அரபிக்கடலை நாடுகிறது. அவ்விரு திசைகளிலும் இருவகை மரக்கலங்கள் பிறந்தன. மேற்கே காயல்களில் கெட்டுவள்ளம். கிழக்கே கடலில் கட்டுமரம். மலையாளத்தின் ‘கெட்டு’ நமது ‘கட்டு’ அன்றோ!

பெயருக்கேற்ப, ஆணி அடிப்பது இவற்றின் மரபன்று. மேற்கு மலைச்சரிவுகளில் வளரும் ஆஞ்சிலி, பலாவின் உறவு மரம். நீரில் எளிதில் உளுத்துப்போகாதது. அதன் பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தால் கெட்டுவள்ளம். கனமற்ற மரத்தண்டுகளைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். கரை திரும்பியதும் மீனவர் அதைக் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவர். ஆங்கிலேயரும் அப்பெயரையே தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர்.

நெல்லையும் நறுமணப் பொருள்களையும் சுமந்த கெட்டுவள்ளங்களின் பிழைப்பை, சாலைகளும் லாரிகளும் பறித்துக்கொண்டன. 1990-களில் அவற்றுட் சில ஆலப்புழைப் பக்கம் வீட்டுப்படகுகளாக மறுவாழ்வு பெற்றன. கீழைக்கரையிலோ, 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் அருகிவிட்டன. விரைவை நாடும் மீனவரைக் குறைகூறல் தகாது. அவருக்கு அது வயிற்றுப்பாடு.

எனினும், மரக்கலம் நம் மனத்தை ஈர்ப்பது ஏன்? அதன் அழகு மட்டுமே காரணமன்று. கயிறு நைந்தால் புதுக்கயிறு கோக்கலாம். ஒரு பலகை உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம். பழுது அதற்கு முடிவன்று. மனிதக் கை மீண்டும் தன்னைத் தொடும் வேளையே அது. ஆனால் தைக்கத் தெரிந்த கை வேண்டுமே! வெட்டிய மரத்துக்கு ஈடாக மலையில் மற்றொன்று வளரும். தந்தையிடம் மகன் கல்லாது விட்ட தொழிலோ, ஒரு தலைமுறையோடு அற்றுப்போகும்.

ஆதலால், இம்மலையைக் கடந்து ஆலப்புழைக்கு இன்பச் சுற்றுலா செல்லும் பெற்றோரே, வள்ளத்தின் கயிற்றுத் தையலை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதைத் தைத்தவர் அருகிலிருந்தால், அவரோடு சற்றுநேரம் பேசவும் விடுங்கள்.