கூடையின் அளவு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது முதியோர் வாக்கு. பல்லாண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்து, செக்ரோல் எழுதியே விரல் காய்த்துப்போன எமக்கு அளப்பது புதிய காரியமன்று. ஆயினும், கண்ணால் கண்டு நிறுக்க இயலாத ஒரு பொருளை அளந்து வாங்க வேண்டிய சங்கடம் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எமக்கு நேர்ந்தது.

எம் தங்கை றொசல்லயில் கொழுந்து பறிப்பவள். அவள் மகள் பல்கலைக்கழக மாணவி. பிறர் பாவித்த மடிக்கணினி ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தோம். இணையவழி விரிவுரையையும் எழுதும் கட்டுரையையும் ஒருங்கே திறந்தால் போதும். ஏற்றத்தில் திணறும் லொறியைப் போல அது நின்றுவிடும். கட்டுரை ஒப்படைக்க வேண்டிய இரவில் அவ்வாறே நின்றுவிட, பிள்ளை புள்ளிகளை இழந்தாள். "ரேம் பத்தல மாமா" என்று எம்மிடம் சொன்னாள். தாயிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில்தான் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஹட்டன் நகரில் நாம் விசாரித்த கடைக்காரரோ, "16 ஜி.பி. போடுங்கள், கவலை தீர்ந்தது" என்றார். விலையைக் கேட்டதும் எம் மனத்துள் செக்ரோல் விரிந்தது. தங்கைக்குப் பத்து நாள் முழுப் பேர் விழுந்தாலும் அத்தொகை தேறாது. வாங்காமலே திரும்பினோம்.

ரேம் என்பது கணினி அவ்வப்போது செய்யும் வேலையைப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம். அந்த இடம் நிரம்பிவிட்டால், மிஞ்சியதை வன்தட்டிலே கொண்டுபோய் வைக்கும். தேவைப்படும்போது மீண்டும் அங்கே போய் எடுத்துவரும். வன்தட்டு ரேமைவிட மிகவும் மெதுவானது. தாமதமெல்லாம் இந்தப் போக்குவரவினாலேயே நேர்வது. ஆனால் தாமதம் எல்லாவற்றுக்கும் ரேம் ஒன்றே காரணமென்று எண்ணிவிடலாகாது. ரேமில் இடம் மிஞ்சியிருந்தும் கணினி திணறுமானால், கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ரேம் வாங்குவது வீண் செலவு.

ஆகவே முதலில் அளந்தோம். இஸ்தோப்பிலே அமர்ந்து, விரிவுரை, கட்டுரை, அவள் வழக்கமாகப் பார்க்கும் பக்கங்கள் யாவற்றையும் திறந்து வைத்தாள் பிள்ளை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்த, டாஸ்க் மேனேஜர் தோன்றியது. இருந்த 4 ஜி.பி. முழுவதும் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. வேலைகள் கேட்ட மொத்த அளவோ 7 ஜி.பி.யை நெருங்கிற்று. ரேம் பொருத்தும் இடங்கள் இரண்டில் ஒன்று வெறுமையாக இருப்பதும் அங்கேயே தெரிந்தது. இஃது எம் நற்பேறு. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் கூட்ட இயலாது.

இனி, 4 வாங்குவதா, 8 வாங்குவதா, கடைக்காரர் சொன்ன 16 வாங்குவதா என்பதே கேள்வி. "நாலே போதும் மாமா" என்றாள் பிள்ளை. அதைச் சொல்லும்போது அவள் கணக்கைப் பார்க்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து, நனைந்த படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்த தாயைப் பார்த்தாள்.

தங்கை விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சிறிது நேரம் பேசாமலிருந்து பின் சொன்னாள்: "கூட சின்னதா இருந்தா மடுவத்துக்கு நடைதான் கூடும்ண்ணே. பெருசா இருந்துட்டா மட்டும் கொழுந்து தானா வந்து நெறஞ்சிருமா?"

கணினியைத் தொட்டறியாத அவள், நாம் அரை நாள் விளக்கியதை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டாள். பழைய 4 உடன் இன்னொரு 4 சேர்ந்தால் 8. விளிம்பு தட்டும் கூடை. 8 சேர்ந்தால் 12. படிப்பு முடியும்வரை தாங்கும். 16 என்பது நிறையாத கூடை.

மறு வாரம் 8 ஜி.பி. ஒன்றை வாங்கினோம். ஆறு நாட் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. பழையது டி.டி.ஆர்.4 இனம் என்பதைக் குறித்துக்கொண்டு போயிருந்தோம். டி.டி.ஆர்.3, 4, 5 ஆகியவற்றின் வெட்டுவாய்கள் வெவ்வேறிடங்களில் அமைந்திருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. உத்தரவாதத்தையும் எழுத்தில் பெற்றோம். கணினியை அணைத்து, பற்றரியைக் கழற்றி, உடலிலுள்ள நிலைமின்னேற்றம் நீங்க உலோகத்தைத் தொட்டபின் பிள்ளையே அதைப் பொருத்தினாள். அன்றிரவு விரிவுரை தடையின்றி ஓடியது. தங்கை சுவரில் சாய்ந்து, விளங்காத அந்த விரிவுரையை முடியும்வரை கேட்டிருந்தாள்.

காலமும் எமக்கு உதவிற்று. உலகில் நினைவகச் சில்லுகளைப் பெரும்பாலும் செய்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் அவற்றை வாரிக்கொள்ளவே, 2025இன் இறுதியில் விலை கடுமையாக ஏறிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் மைக்ரோன், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. எங்கோ நடக்கும் காரியத்தின் சுமை லயத்து வாசல்வரை வருவதை நாம் 2022லும் கண்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது.

விலையை நம்மால் தடுக்க முடியாது. தேவையை அளக்க முடியும். மாணவச் செல்வங்களே, அவசியமானதைப் பெற்றோரிடம் கேட்க நாணாதீர்கள். கேட்குமுன் அளந்து பாருங்கள். அளந்ததைக் குறைக்காமல் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால், மிச்சத்துக்கும் மலையேறப் போகிறவர்கள் அவர்களே.