அய்யா சொன்ன விதிகள்

ஜூன் 8

பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. யானைமலைக்குக் கீழே வாடகை டிராக்டர் ரோட்டவேட்டர் போட்டுத் தொளி அடிக்கிறது. ஓட்டுகிற பையன் சின்ன வயசு, கையில் நல்ல வேகம். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பதைப்பு.

எங்கள் வீட்டில் நின்றது சிவப்பு மாஸி 1035 டிராக்டர். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டாமல் சேற்றில் இறக்க அய்யா விடமாட்டார். ஒரு நடவின்போது பின்சக்கரம் புதைந்தது. டிரைவர் முன்கியரில் முறுக்க, மூக்கு மேலே கிளம்பிவிட்டது. வரப்பிலிருந்து அய்யா கத்தினார்: "கிளட்ச்ச மிதிப்பா! முன்னாடி எடுக்காத, ரிவர்ஸ்ல எடு!"

புதைந்த சக்கரம் சுழல முடியாவிட்டால், இன்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். பின்னால் கவிழ ஒரு நொடி போதும். ஓட்டுகிறவர் அடியில் கிடப்பார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அய்யாவுக்கு இது தெரிந்திருந்தது.

ஜூன் 11

டிராக்டர் பின்னால் கவிழும் இந்த ஆபத்தை நினைத்து வேலை செய்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். அதற்குமுன் கலப்பையை மாட்டுக்குப் பின்னால் கட்டுவதுபோல டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கல்லில் மாட்டினால் வண்டி மல்லாந்துவிடும். அவர் கலப்பையை மூன்று கைகளால் டிராக்டரோடு பிணைத்தார். உழும்போது மேல்கை வண்டியை முன்னால் தள்ளி மூக்கை அமுக்கிவைக்கும். தரை இறுகினால் ஹைட்ராலிக் கலப்பையைத் தானே கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். 1953ல் அவர் நிறுவனம் கனடாவின் மாஸி-ஹாரிஸோடு சேர்ந்தது. சென்னையில் டாஃபே 1960ல் தொடங்கி, மாஸி ஃபெர்குசன் நம் வயலுக்கும் வந்தது. இன்று ஓடுகிற பெரும்பாலான டிராக்டர்களின் பின்புறத்தில் அந்த மூன்று கைகள் இருக்கின்றன.

ஜூன் 15

கிணற்றடியில் டீசல் இன்ஜின் இருந்தது. லீவரைத் தூக்கி, ஹேண்டிலைச் சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரை விட வேண்டும். அதற்கும் ஒரு விதி: கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை. இன்ஜின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த விரல் முறிந்துபோகும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமானபின் அந்த இன்ஜினைத் தொட ஆளில்லை. 2004ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எங்கள் பக்கத்து உலகனேரிக்கு வந்தது. சுற்றுவட்டத்தில் வயல்களும் பிளாட்டுகளாயின.

அந்த இயந்திரங்கள் பழைய இரும்பாகப் போவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அவற்றை ஓட்டியவர்கள் வாயிலிருந்த விதிகள் எழுதப்படாமல் போவதுதான் தாங்கவில்லை. இன்றைய வண்டியும் அதே சேற்றில் அதே விதமாகத்தான் கவிழும். உங்கள் வீட்டுப் பழைய டிராக்டரை எடைக்குப் போடுமுன், அதை ஓட்டியவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். எழுதியதை இப்போது ஓட்டுகிற பையனிடம் கொடுங்கள்.