அரைச் சொம்புத் தண்ணீர்

வெயிலை வீணாக்கக் கூடாது என்று கருதுகிறவர்கள் எடப்பாடியில் இரண்டு வகை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி காயவைக்கிற நெசவாளர்கள் ஒரு வகை. என் அம்மாயி தனியாக ஒரு வகை. மற்றவர்கள் எல்லாரும் சித்திரை வெயிலைச் சபிக்கும்போது, அம்மாயி அதை ஏதோ பரணில் வைத்துக்கொள்ளக் கூடிய தானியம் மாதிரி பார்ப்பாள். "இன்னிக்கு நல்ல வெய்யல்" என்று அவள் சொல்லும்போது குரலில் நன்றி இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சரபங்கா நதி அப்போது வெறும் மணலாகக் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றைச் சுற்றி அரைக் காணியும் தேறாத கொல்லை. அவரைப் பந்தல், கொத்தவரைப் பாத்தி, மிளகாய், வேலியோரம் சுண்டை, தானாக முளைத்த மணத்தக்காளி, ஒரு எலுமிச்சை, ஒரு மாமரம். கிணற்றில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் அந்தக் கொல்லை ஒரு வீட்டுக்குத் தேவையானதற்கு மேலேயே கொடுத்தது. கிணறு வற்றிய பிறகு என்ன தின்பது என்பதுதான் அம்மாயியின் கவலை. மார்கழியில் காய் மலிந்து கிடக்கும்போதே அவள் ஆனி மாதத்துக் குழம்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பாள்.

காய் பறிப்பது சாமானிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் பனி உலர்ந்த பிறகுதான் செடியில் கை வைக்க வேண்டும். கொத்தவரை நார் ஏறுவதற்கு முன்னால், சுண்டைக்காய் விதை கல்லாவதற்கு முன்னால். மிளகாயைக் காம்போடு எடுக்க வேண்டும். காம்பு கழன்ற மிளகாய் மோரில் ஊறும்போது உள்ளே நீர் கோத்துக்கொண்டு அழுகும். எலுமிச்சை மட்டும் மஞ்சளாகித் தோல் மெலிகிற வரையில் காத்திருக்கும். நான் அவசரப்பட்டுப் பறித்த காய்களை எல்லாம் அம்மாயி ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கமாக ஒதுக்கி அன்றைக்கே பொரியல் பண்ணிவிடுவாள். அதுவே தண்டனை. என் காய் எதுவும் வற்றலாகும் அந்தஸ்தைப் பெற்றதில்லை.

கொத்தவரையை உப்புப் போட்டு அரை வேக்காட்டில் இறக்கிப் பாயில் பரப்புவார்கள். சுண்டைக்காயை நசுக்கி மோரில் போடுவார்கள். மிளகாய் வற்றல்தான் பெரிய சடங்கு. நுனியைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோருக்குள் தள்ள வேண்டும். மோர் முழுக்க உள்ளே இறங்கும் வரையில் இந்தப் போக்குவரத்து நடக்கும். அப்புறம் சருகாகக் காய வேண்டும். பாயில் பரப்பியதைக் காக்கையிடமிருந்து காப்பதற்கு ஒரு கறுப்புத் துணியும், துணியிடமிருந்து காப்பதற்கு நானும் இருந்தோம். காற்றடித்தால் துணி பறந்துவிடும் அல்லவா?

இவை எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளறையில், இருட்டில், பெரிய பீங்கான் ஜாடியில் மாவடு இருந்தது.

மாசிக் கடைசியில் மாமரத்திலிருந்து இறக்கிய பிஞ்சுகள் அவை. தரையில் விழவிடாமல் வேட்டி பிடித்து இறக்குவார்கள். அடிபட்ட வடு ஒன்று போதும், ஜாடியையே கெடுத்துவிடும். கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கி வைத்தால், பிஞ்சு தன் நீரைத் தானே விட்டுச் சுருங்கும். பிறகு அந்த நீரிலேயே மிளகாய்த் தூளும் கடுகுத் தூளும் கலந்து ஊறவிடுவார்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. அந்த ஜாடியைத் திறக்கும் அதிகாரம் அம்மாயி ஒருத்திக்குத்தான். மரக்கரண்டியை வெயிலில் காயவைத்துக்கொண்டுதான் அவள் உள்ளே போவாள்.

1964-ஆம் வருஷம் எனக்கு 9 வயது. அந்தத் தையில்தான் மாமனுக்குக் கல்யாணமாகி அத்தை வந்திருந்தாள். அவளுக்கு 18 வயது இருக்கும். என்னைவிட வேகமாகக் கிணற்றில் நீர் இறைப்பாள், என்னைவிட மெதுவாகப் பேசுவாள். "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த மனுஷி அவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதற்கு அது அவசியம்.

மத்தியானத் தூக்கத்தில் வீடு ஓய்ந்திருக்கும்போது நான் ஜாடியைக் கண்டுபிடித்தேன். முதல் நாள் ஒரு வடு. இரண்டாம் நாள் மூன்று. அப்புறம் வடுவைவிட அதன் நீர் ருசியாக இருப்பதைத் தெரிந்துகொண்டு, தம்ளரில் மொண்டு குடிக்கவும் ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் ஜாடியில் நீர்மட்டம் நாலு விரற்கடை இறங்கிவிட்டது. திருடனுக்கு மூளை வேலை செய்யத் தொடங்கினால் ஆபத்து. கிணற்றடிக்குப் போய் அரைச் சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் பழைய மட்டத்துக்கு ஏற்றிவிட்டேன். துணியை முன்போலவே கட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து ஒரு கோடை மழை வந்தது. அம்மாயியும் மாமனும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அத்தை அப்போது வீட்டுக்குத் தூரம்; கொல்லைத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் பாய் நிறைய மிளகாய். பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்ததும் அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். என்னைக் கூப்பிட்டாள், நான் பக்கத்துத் தெருவில் இருந்தேன். பிறகு தானே ஓடிவந்து, பாயோடு சுருட்டி, உள்ளறை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாள். ஒரு மிளகாய்கூட நனையவில்லை. எதிர்வீட்டுக் கிழவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அம்மாயி ஜாடியைத் திறந்தபோது மேலே வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது. ஆடைக்குக் கீழே வடுக்கள் கொழகொழவென்று இருந்தன. புளித்த நாற்றம் வீடெங்கும் வந்தது. ஒரு வருஷத்துச் சொத்து.

"யாரு தொட்டது?" என்றாள் அம்மாயி. நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள். எதிர்வீட்டுக் கிழவியும் வந்து சேர்ந்தாள். அப்புறம் யாரும் யாரையும் திட்டவில்லை; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாயி ஜாடியைக் கொல்லைக் குழியில் கவிழ்த்துக்கொண்டே, "இனிமே இந்த அறைப் பக்கம் வராதே அம்மிணி" என்று மட்டும் சொன்னாள். அத்தை தலை குனிந்து, "சரிங்க" என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

பெரியவனாகி, புத்தகங்களைப் படித்து, விஷயத்தை ருசுவோடு தெரிந்துகொண்டேன். உப்பு காயிலிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அந்த உப்பு நீர் கெட்டியாக இருக்கிற வரையில் பூஞ்சணத்துக்கு அங்கே வாழ வழியில்லை. தண்ணீர் சேர்ந்தால் உப்பு இளகுகிறது, பூஞ்சணத்துக்குக் குடியிருப்புக் கிடைக்கிறது. யார் நிழல் எங்கே விழுந்தது என்பதை அது விசாரிப்பதில்லை. பிரான்ஸில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், காய்கனிகளைப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் கெடாமல் காக்கும் வழியைக் கண்டுபிடித்து 1810-இல் சர்க்காரிடம் 12,000 பிராங்கு பரிசு வாங்கினார். அது ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பாஸ்டர் வந்துதான் கிருமிகளைக் காட்டிக் காரணம் சொன்னார். அம்மாயியும் அப்பேரைப் போலத்தான்: கை அறிந்திருந்தது, காரணம் அறிந்திருக்கவில்லை. அப்பேர் காரணம் தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைத்தார். அம்மாயி அந்தக் காலியிடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் கனியைக் கெடாமல் வைக்கும் வித்தையில் எடப்பாடி சாமானிய ஊர் அல்ல. தைப்பூசம் கழிந்து எடப்பாடிப் பர்வதராஜகுலத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போகிறார்கள். இரவில் மலைமேல் தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அங்கே டன் கணக்கில் வாழைப்பழத்தை உரித்துப் பிசைந்து, சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலம் சேர்த்துப் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். அதிலும் தண்ணீர் விடுவதில்லை. ஜாடியில் உப்பு பார்க்கிற வேலையை அங்கே சர்க்கரை பார்க்கிறது. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பிரசாதத்தை வாயில் போடும்போதெல்லாம் எனக்கு மட்டும் இனிப்புக்கு அடியில் மாவடு நாற்றம் லேசாக வரும்.

அம்மாயி 1981-இல் காலமானாள். அதுவரை 17 வருஷம் அத்தை அந்த உள்ளறைக்குள் போகவில்லை. கொல்லையில் விதைத்தாள், பறித்தாள், வாசலில் காயவைத்தாள். ஜாடியில் போடுவது மட்டும் அவள் வேலையாக இல்லை. எத்தனையோ தடவை போனேன், வந்தேன். கதைகளில் பாவிகளை எல்லாம் மனம் திறந்து அழவைத்த எனக்கு, அந்த வீட்டு வாசலில் நாக்கு எழவில்லை.

இந்த வருஷம் மாசியில் போயிருந்தேன். கொல்லையில் பாதி விசைத்தறிக் கொட்டகையாகிவிட்டது; நாள் முழுவதும் தறிச் சத்தம். மாமரம் இருக்கிறது. அத்தைக்கு எண்பதை நெருங்குகிறது. பேரன் மரத்திலேறிப் பிஞ்சு உதிர்க்க, நானும் அத்தையும் பழைய புடவை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு திண்ணையில் உட்கார்ந்து காம்பைக் கொஞ்சம் விட்டுக் கிள்ளினோம். அப்போதுதான் சொன்னேன். கையில் வேலை இருந்ததால் முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது.

அத்தை கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"அரைச் சொம்பு."

"அதான். நெழல் பட்டு அப்படி ஆடை படராதுன்னு நான் அப்பவே நெனச்சேன்."

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து என்னை "மாப்பிள்ளை, வாங்க, போங்க" என்றே பேசுகிறவள், திடீரென்று பழைய குரலுக்கு இறங்கினாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா உனக்கு ரெண்டு அடி விழுந்திருக்கும் கண்ணு. எனக்குப் பதினேழு வருசம் போச்சு."

நான் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் எழுத்தில் வருகிற மாதிரி வாயில் வரவில்லை. அத்தை எழுந்துபோய் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். வெயிலில் வைத்து எடுத்த ஜாடி. உள்ளே கை வைத்தால் சுட்டது. உப்பைக் கொட்டினாள். நான் ஒரு கை வடுவை அள்ளியபோது, "இரு" என்றாள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, விரல் விரலாக முந்தானையில் துடைத்தாள்.

"இப்பப் போடு."

மறுநாள் புறப்படும்போது, வழக்கம்போல் இரண்டு பொட்டலம் சுண்டை வற்றல் கொடுத்தாள். மாவடு பாட்டிலில் போட்டுப் பார்சலில் அனுப்புவாளா என்று கேட்டேன்.

"அனுப்ப மாட்டேன். ஊற நாப்பது நாளாகும். வந்து எடுத்துக்கிட்டுப் போ."